நானூறு தோட்டா வாங்கியும் விழாத விமானம்: எந்த டேமேஜ் மாடல் உண்மைக்குப் பக்கம்?

செம்மண்_பறவை (கானாடுகாத்தான்)

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருஷமாகப் போர் விமான சிம், அதாவது கணினியில் நிஜம் மாதிரி விமானம் ஓட்டுகிற விளையாட்டு, ஓட்டுகிறேன். முதலில் வார் தண்டர், அப்புறம் ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ், இடையிடையே டிசிஎஸ். நேற்று ராத்திரி ஆன்லைனில் நடந்த ஒரு சண்டையிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நான் ஓட்டியது பி-47. எட்டு .50 காலிபர் துப்பாக்கி. ஃபோக்கவுல்ஃப் 190 என்கிற ஜெர்மன் விமானம் ஒன்றின் வாலைப் பிடித்து நான்கு விநாடி விடாமல் அழுத்தினேன். ஒரு துப்பாக்கி விநாடிக்குப் பதின்மூன்று தோட்டா என்று வைத்தால் எட்டுக்கும் சேர்த்து நூறைத் தாண்டும், நான்கு விநாடிக்கு நானூறு. பட்டுப் பட்டு மின்னியதை நானே பார்த்தேன். அவன் இறக்கையிலிருந்து எரிபொருள் வெள்ளைக் கோடாக ஒழுகியதே தவிர விமானம் ஆடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் என் பின்னால் வந்து அரை விநாடிகூட இருக்காது, ஒரு தடவை சுட்டான். என் இடது இறக்கை அடியோடு பிய்த்துக்கொண்டு போனது.

நானூறு சுட்டவன் விழுகிறேன், நாலு சுட்டவன் வீட்டுக்குப் போகிறான். இது உண்மையில் நடக்கிற காரியமா, இல்லை விளையாட்டைச் செய்தவர்கள் அப்படி எழுதிவைத்திருக்கிறார்களா? மூன்று சிம்மிலும் டேமேஜ் மாடல், அதாவது அடிபட்டால் விமானத்துக்கு என்ன ஆகும் என்கிற கணக்கு, மூன்று விதமாக இருக்கிறது, எதை நம்புவது?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஐயாவின் அப்பா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பண்ண, போனவர். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டபோது அங்கே கிட்டங்கியில் இருந்திருக்கிறார். வானத்தில் நடந்த சண்டையைப் பார்த்ததையும், ஒரு விமானம் தொட்டதும் பற்றிக்கொண்டு தீப்பந்தமாக விழுந்ததையும், இன்னொன்று சல்லடையாகத் துளைபட்டும் தள்ளாடிக்கொண்டு போய் இறங்கியதையும் ஐயாவிடம் சொல்லியிருக்கிறார். சின்ன வயசில் வளவுத் திண்ணையில் உட்கார்ந்து ஐயா சொல்ல நான் கேட்ட கதை இது. ஒன்று ஏன் எரிந்தது, மற்றது ஏன் பிழைத்தது? அந்தக் கேள்விதான் என்னை சிம்முக்கே கொண்டுவந்தது. அதற்கு சிம் தருகிற பதிலை நம்பலாமா என்று தெரிய வேண்டும்.

செக்காலை_லேத் (காரைக்குடி)

தம்பி, நான் இருபது வருஷமாக லேத்தும் பாடி வேலையும் பார்க்கிறவன். சிம் ஓட்டுவது ராத்திரி மட்டும். தகடு எப்படிக் கிழியும் என்பது எனக்குக் கையால் தெரியும், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

உங்கள் ஊர் வீட்டையே எடுத்துக்கொள். சுவரில் நானூறு ஆணி அடி, வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. பர்மாத் தேக்குத் தூணுக்கு மேலே ஓடுகிற உத்தரத்தை ஒரே இடத்தில் அறுத்துப் பார், மேலே இருக்கிற அத்தனை ஓடும் இறங்கிவிடும். விமான இறக்கைக்கு உத்தரம் என்பது ஸ்பார். தகடும் கொஞ்சம் பாரம் தாங்கும், ஆனால் முக்கியமான பாரம் ஸ்பார் வழியாகத்தான் உடலுக்குப் போகிறது. .50 தோட்டா போடுகிற துளை உன் கட்டைவிரல் நகம் அளவு. ஸ்பாரிலோ, எரிபொருள் தொட்டியிலோ, கன்ட்ரோல் கம்பியிலோ, இன்ஜினிலோ, பைலட் மேலோ படாமல் வெறும் தகட்டைத் துளைத்துவிட்டு மறுபக்கம் போன தோட்டா எத்தனை ஆனாலும், காற்று கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான்.

அவன் சுட்டது வேறு சமாசாரம். 190-இல் எம்ஜி 151 என்கிற 20 மில்லிமீட்டர் பீரங்கி இருக்கிறது, ஏ-8 ரகத்தில் நான்கு. அதற்கு ஜெர்மன்காரர்கள் ஒரு தனி ஷெல் செய்தார்கள், மினென்கெஷோஸ் என்று பெயர். எடை 92 கிராம்தான், ஆனால் சுவரை மெல்லிசாக இழுத்துச் செய்து உள்ளே சுமார் 18 கிராம் வெடிமருந்தை அடைத்துவிட்டார்கள். சில்லு பறந்து துளைப்பது அதன் வேலை இல்லை. இறக்கைக்கு உள்ளே போய் வெடித்து, அந்த வாயு அழுத்தத்தில் தகட்டை உள்ளேயிருந்து வெளியே உப்பவைத்துப் பிளப்பதுதான் வேலை. தீபாவளிக்கு அணுகுண்டை வெறும் தரையில் வைத்தால் சத்தம்தான், அதையே பால் டின்னைக் கவிழ்த்து உள்ளே வைத்தால் டின் விரிந்து கிடக்கும், பார்த்திருப்பாய். இறக்கை என்பது மூடிய டின்தான். ரிவெட் வரிசை பொத்தான் கழன்ற சட்டை மாதிரி வரிசையாக விட்டுப்போகும்.

அதனால் நாலு ஷெல்லில் இறக்கை போவது நடக்காத காரியம் இல்லை. ஆனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அவன் சுட்டபோது நீ நேராகப் பறந்துகொண்டிருந்தாயா, இல்லை ஸ்டிக்கை வயிற்றுக்கு இழுத்துத் திரும்பிக்கொண்டிருந்தாயா? எத்தனை ஜி, அதாவது விமானத்தின் எடையைப் போல எத்தனை மடங்கு பாரம்? அதைச் சொல், மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

மேகத்துக்கு_மேல் (தேவகோட்டை)

லேத் அண்ணன் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எந்த சிம்மை எடுத்தாலும் விமானங்களை நிஜத்தைவிடப் பூஞ்சையாகத்தான் செய்துவைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

1943 பிப்ரவரி 1-ஆம் தேதி டூனிஸ் மேலே 'ஆல் அமெரிக்கன்' என்கிற பி-17 குண்டு விமானத்தின் மேல் ஒரு ஜெர்மன் சண்டை விமானம் மோதியது. இடது பக்கக் கிடை வால் இறக்கை முழுசாகப் போய்விட்டது, உடல் பாதிக்கு மேல் அறுந்து வால் தொங்கிக்கொண்டிருந்த படம் எல்லாரும் பார்த்ததுதான். அது அல்ஜீரியாவில் இருந்த தன் தளத்துக்கே திரும்பி வந்து இறங்கியது, உள்ளே இருந்த யாருக்கும் காயம் இல்லை.

1942 ஆகஸ்ட் 7, குவாடல்கனால். ஜப்பான் பைலட் சாக்காய் சபுரோ தலையில் குண்டடி பட்டு, ஒரு கண்ணில் பார்வை போய், ஏறக்குறைய ஐந்து மணி நேரம், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஜீரோ விமானத்தை ஓட்டிக்கொண்டு ரபாவுல் போய்ச் சேர்ந்தார். கவசமும் இல்லாத, தானே அடைத்துக்கொள்ளும் தொட்டியும் இல்லாத விமானம் அது.

இதையெல்லாம் எந்த சிம்மில் செய்து காட்ட முடியும்? வால் அறுந்த மறு விநாடி சுழன்று விழுகிறது. நிஜ விமானத்தைச் செய்த மனிதர்கள் அதற்கு மேல் உறுதியாகச் செய்திருந்தார்கள், அதை இந்த மாடல்கள் மதிக்கவில்லை.

பழைய_ரிவெட் (தேவகோட்டை)

நான் விமானப் படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பேரன் வாங்கிக் கொடுத்த கணினியில் இப்போது டிசிஎஸ் ஓட்டுகிறேன்.

முதலில் மேகத்துக்கு மேல் தம்பிக்கு. நீங்கள் சொன்ன இரண்டு சம்பவமும் உண்மை. ஆனால் அவை ஏன் உங்கள் காதுக்கு வந்தன என்று யோசியுங்கள். திரும்பி வந்ததால். படம் எடுக்க விமானம் இருந்தது, கதை சொல்ல ஆள் இருந்தார். அதே மாதிரி அடிபட்டுக் கடலில் விழுந்த விமானத்தை யார் படம் எடுப்பது? இதைக் கணக்காகவே போட்டுக் காட்டியவர் ஆபிரகாம் வால்டு. 1943-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த புள்ளியியல் குழுவில், திரும்பி வந்த விமானங்களில் விழுந்திருந்த துளைகளை வைத்து, திரும்பாதவை எங்கே அடிபட்டிருக்கும் என்று கணக்கிட வழி கண்டவர். இன்ஜினில் துளை குறைவாக இருந்தால் இன்ஜினில் அடி விழவில்லை என்று அர்த்தம் இல்லை, அங்கே அடிபட்டவை வந்து சேரவில்லை என்று அர்த்தம். (அவர் இந்தியாவுக்கு உரையாற்ற வந்திருந்தபோது 1950 டிசம்பரில் நம் நீலகிரி மலையில் விமான விபத்தில் மனைவியோடு இறந்துபோனார். கோத்தகிரிப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.)

அதனால் 'ஆல் அமெரிக்கன்' படத்தை வைத்து டேமேஜ் மாடலைச் சரிபார்க்கக் கூடாது. வால் அப்படி அறுந்த நூறு பி-17-இல் எத்தனை வந்திருக்கும் என்று கேட்க வேண்டும். நூற்றில் ஒன்று வந்தாலும் அது படமாகிவிடும். சிம்மில் நீங்கள் பார்ப்பது மிச்சத் தொண்ணூற்றொன்பதை.

இப்போது லேத் தம்பி கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. நேராகப் பறக்கும்போது இறக்கை தாங்குவது விமானத்தின் எடை ஒரு மடங்கு. ஆறு ஜி இழுத்தால் ஆறு மடங்கு. மேல்நோக்கி வளையும்போது இறக்கையின் கீழ்ப் பக்கம் இழுபடும், மேல் பக்கம் நசுங்கும். கீழ்ப் பக்கத் தகட்டில் ஒரு கிழிசல் இருந்தால் அதன் நுனியில்தான் மொத்த இழுவிசையும் போய்க் குவியும். அதனால்தான் விரிசலைக் கண்டால் பட்டறையில் முதலில் அதன் நுனியில் ஒரு வட்டத் துளை போட்டு நிறுத்துகிறோம், கூரான முனை இல்லாவிட்டால் விரிசல் ஓடாது. வெடித்த தகட்டில் அப்படி வட்டத் துளை போட்டுத் தர யாரும் இல்லை. பல்பல்லாகக் கிழிந்து நிற்கும் ஓரம் ஒவ்வொன்றும் ஒரு விரிசல் நுனி. மேல் பக்கம் வேறு கதை. அங்கே தகடு உப்பியிருந்தால் அழுத்தத்தைத் தாங்காமல் மடங்கிவிடும். எனவே அடிபட்ட இறக்கை ஒரு ஜி-யில் வீடு வந்து சேரும், அதே இறக்கை ஐந்து ஜி-யில் ஒடியும். நல்ல மாடலா என்று பார்க்க நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அடிபட்ட பிறகு மெதுவாகப் பறந்தால் பிழைக்கவும், இழுத்தால் ஒடியவும் செய்கிறதா? அடிபட்ட அந்த விநாடியிலேயே, பாரமே இல்லாதபோதும் இறக்கை கழன்று விழுந்தால் அங்கே ஏதோ எண்ணைக் கழிக்கிறார்களே தவிர உலோகத்தைக் கணக்கிடவில்லை.

ஜாய்ஸ்டிக்_பள்ளத்தூர்

எண்ணைக் கழிப்பது பற்றி நான் சொல்கிறேன், 1998-இல் மைக்ரோசாஃப்ட் காம்பாட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்த காலத்திலிருந்து ஓட்டுகிறேன்.

அந்தக் காலத்து முறை இதுதான். விமானத்தைச் சில பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் இத்தனை புள்ளி என்று கொடுத்து, ஒவ்வொரு தோட்டாவுக்கும் இத்தனை புள்ளி கழித்துக்கொண்டே வந்து பூஜ்யமானதும் அந்தப் பாகத்தைக் கழற்றிவிடுவார்கள். நூறு கொசுக்கடி சேர்ந்தால் ஒரு புலிக்கடி என்கிற கணக்கு. ரைஃபிள் தோட்டாவைப் போதுமான அளவு போட்டால் ஸ்பார் அறுந்துவிடும். 2001-இல் முதல் ஐஎல்-2 ஸ்டுர்மோவிக் வந்தபோது எங்களுக்கு அது கண்ணைத் திறந்த மாதிரி இருந்தது. இன்ஜின் ஒரு தனி உறுப்பு, தொட்டி தனி, கன்ட்ரோல் கம்பி தனி, தோட்டா எந்தக் கோணத்தில் வந்து எதைத் தொட்டது என்று பார்த்தார்கள். எண்ணெய்க் குழாய் போய்க் கண்ணாடி கறுத்து, முன்னால் எதுவும் தெரியாமல் தரையிறங்கிய அந்த முதல் ராத்திரியை இன்னும் மறக்கவில்லை. கன்ட்ரோல் கம்பி அறுந்து ட்ரிம்மையும் த்ராட்டிலையும் வைத்தே இறக்கியதும் அதில்தான்.

டிசிஎஸ்-இல் இரண்டாம் உலகப் போர் விமானங்களுக்கு 2020 வாக்கில் புது மாடல் வந்தது, தகடு, ஸ்பார், உள்ளே இருக்கிற உறுப்புகள் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஜெட்டுகளில் அந்த அளவுக்கு நுணுக்கம் இல்லை என்பது என் குறை. வார் தண்டரில் எக்ஸ்ரே மாதிரி உள்ளே காட்டுகிறார்களே, அது நல்ல விஷயம்தான், எது எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொள்ளலாம், ஆனால் உறுப்பு சிவப்பாகிக் கறுப்பாவதைப் பார்த்துப் பார்த்து மறுபடியும் புள்ளிக் கணக்காகவே நம் மனசு பழகிவிடுகிறது.

ஆனால் தம்பி, உன் சண்டையில் மாடலைக் குறை சொல்லும் முன் இரண்டு விஷயம் பார். ஒன்று கன்வர்ஜென்ஸ். பி-47-இன் துப்பாக்கிகள் இறக்கையில் இருக்கின்றன, உள்நோக்கிச் சாய்த்து ஒரு தூரத்தில் சேரும்படி வைத்திருப்பார்கள். நீ 250 மீட்டர் வைத்து 500 மீட்டரிலிருந்து சுட்டால், தோட்டாக்கள் 250-இல் குறுக்கே கடந்து, 500-இல் துப்பாக்கிகள் இருந்த அதே அகலத்துக்கு மறுபடி விரிந்துவிடும். நடுவில் இருக்கிற உடல் அப்படியே தப்பித்துக்கொள்ளும், இறக்கை நுனிகளில் நாலைந்து படும், நீ மின்னலைப் பார்த்து எல்லாம் பட்டது என்று நினைப்பாய்.

இரண்டாவது பிங், அதாவது செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகிற நேரம். காரைக்குடியிலிருந்து ஐரோப்பா சர்வருக்கு எனக்கு 180, 200 மில்லிவிநாடி. அந்த நேரத்தில் மணிக்கு 500 கிலோமீட்டரில் போகிற விமானம் இருபத்தைந்து மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், தன் நீளத்தைப் போல மூன்று மடங்கு. நீ திரையில் பார்க்கிற 190 உண்மையில் அங்கே இல்லை. யாருடைய கணினி பட்டதென்று முடிவு செய்கிறது, செய்தி வழியில் தொலைகிறதா என்பதெல்லாம் விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். ஆன்லைனில் நடந்ததை வைத்து டேமேஜ் மாடலைத் தீர்மானிக்காதே. ஆஃப்லைனில், நேராகப் பறக்கிற விமானத்தை வைத்து, ரெக்கார்டிங் போட்டு, மெதுவாக ஓட்டிப் பார்.

மேகத்துக்கு_மேல் (தேவகோட்டை)

பழைய ரிவெட் ஐயா, வால்டு விஷயம் எனக்குப் புதுசு, யோசிக்க வைக்கிறது. நூற்றுக்கு ஒன்று என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ஒன்று சிம்மில் வரவே இல்லையே? நூறு தடவை ஓட்டினாலும் நூறும் விழுகிறது. 1983-இல் இஸ்ரேலின் எஃப்-15 ஒன்று பயிற்சியில் ஸ்கைஹாக் என்கிற இன்னொரு விமானத்தோடு மோதி வலது இறக்கை முழுசும் போய், அப்படியும் இறங்கியதே. அதை எந்த சிம் தரும்?

பழைய_ரிவெட் (தேவகோட்டை)

நல்ல கேள்வி. அந்த எஃப்-15-இல் இறக்கை அடியிலிருந்து இரண்டு அடி தள்ளி வெட்டுப்பட்டது. அந்த விமானத்தின் உடலே தட்டையாக, அகலமாக இருப்பதால் வேகமாகப் போனால் உடலும் தூக்கும். கிடை வால் இறக்கைகள் பெரிசு, அவற்றைத் தனித்தனியாகத் திருப்பி உருளாமல் நிறுத்தலாம். பைலட் வேகத்தைக் கூட்டினார், சுழற்சி நின்றது. எரிபொருள் பீய்ச்சி அடித்த புகையில் இறக்கை இல்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை, இறங்கிய பிறகுதான் பார்த்தார். இறங்கிய வேகம் வழக்கத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதை சிம் தர வேண்டுமென்றால் டேமேஜ் மாடல் மட்டும் போதாது, இறக்கை போன பிறகு மிச்சம் இருக்கிற வடிவத்துக்குக் காற்றுக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். உடலின் தூக்குவிசை, வாலின் பிடி, இழுவை எந்தப் பக்கம் கூடியது, எல்லாம். பெரும்பாலும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பாகம் கழன்றது வரைக்கும் அழகாகக் காட்டுவார்கள், அதற்குப் பிறகு விமானம் எப்படிப் பறக்கும் என்பதில் அந்த அளவுக்கு உழைப்பு இல்லை. உங்கள் மனக்குறை நியாயமானது, ஆனால் விமானம் பூஞ்சை என்பதில் இல்லை, அடிபட்ட பிறகு பறக்கிற கணக்கில் இருக்கிறது.

2003 நவம்பரில் பாக்தாத்தில் டிஎச்எல் சரக்கு விமானம், ஏர்பஸ் ஏ300, இடது இறக்கையில் ஏவுகணை பட்டு மூன்று ஹைட்ராலிக்கும் போனது. ஸ்டிக் செத்துப்போயிற்று. இரண்டு இன்ஜினின் விசையைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே திருப்பி, இறக்கி, எல்லாரும் பிழைத்தார்கள். ஹைட்ராலிக் போனால் உடனே செத்தாய் என்று ஒரு சிம் எழுதிவைத்திருந்தால் அந்த மூன்று பேரின் திறமைக்கு அங்கே இடமே இல்லை. அடிபட்ட விமானத்தை ஓட்டுவது ஒரு தனி வித்தை, அதைக் கற்றுக்கொள்ள விட வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில் ஒவ்வொரு துளையையும் வட்டம் போட்டு, அளந்து, பின்னால் என்ன ஓடுகிறது என்று பார்த்துத்தான் பறக்க விடுவோம். இரண்டு விரல் தள்ளிப் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஹேங்கரில் நின்று பேசாத நாளே கிடையாது.

செம்மண்_பறவை (கானாடுகாத்தான்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு நாள் ராத்திரி உட்கார்ந்து சொன்னபடி பார்த்தேன்.

முதலில் அன்றைய சண்டையின் ரெக்கார்டிங். நான் சுட ஆரம்பித்தது 520 மீட்டரில், முடித்தது 400-இல். கன்வர்ஜென்ஸ் 250 வைத்திருந்தேன். பள்ளத்தூர் அண்ணன் சொன்ன அதே கதை, மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தோட்டா இரண்டு வரிசையாக அவன் உடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிறது. அவன் என்னைச் சுட்டபோது நான் ஐந்தரை ஜி-யில் இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தேன். லேத் அண்ணே, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஷெல் பட்டது இறக்கையின் வேரில், அடிப்பக்கம்.

அப்புறம் ஆஃப்லைனில் ஒரு 190-ஐ நேராகப் பறக்க விட்டு, 200 மீட்டரில், ஒரு விநாடி மட்டும் சுட்டேன். ஐந்து தடவை செய்ததில் இரண்டு தடவை தீப்பிடித்தது, ஒரு தடவை பைலட் போய்விட்டான், ஒரு தடவை இன்ஜின் எண்ணெய் கொட்டி நின்றது, ஒரு தடவை ஒன்றுமே ஆகவில்லை. அந்த ஒரு தடவைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஐந்தும் ஒரே மாதிரி முடிந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால் ரங்கூன் கேள்வி அப்படியே நிற்கிறது.

செக்காலை_லேத் (காரைக்குடி)

ஐந்தரை ஜி, அடிப்பக்கம், வேர். இழுபடுகிற பக்கத்திலேயே, பாரம் அதிகமாக இருக்கிற இடத்திலேயே அவன் கிழித்திருக்கிறான். அது போகத்தான் செய்யும். அடுத்த தடவை பட்டதும் ஸ்டிக்கை முன்னால் தளர்த்து, அகலமாகத் திரும்பு. இறக்கை நின்றால் மாடல் நல்ல மாடல்.

ரங்கூனுக்கு நான் சொல்கிறேன். அன்று ஜப்பான் குண்டு விமானங்களோடு காவலுக்கு வந்தவை கி-27. சக்கரம் உள்ளே மடங்காத, லேசான விமானம். இரண்டு 7.7 மில்லிமீட்டர் துப்பாக்கி, கவசம் இல்லை, தொட்டிக்குப் பாதுகாப்பு இல்லை. எதிர்த்துப் போனவை அமெரிக்கத் தன்னார்வக் குழுவின் பி-40 டோமஹாக்கும் ஆங்கிலேயரின் பஃபலோவும். பி-40-இல் பைலட்டுக்குப் பின்னால் கவசத் தகடு, தொட்டிக்கு ரப்பர்ப் பூச்சு. பெட்ரோல் பட்டதும் அந்த ரப்பர் ஊறி உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும், சைக்கிள் ட்யூபில் பசை போட்ட மாதிரி. அது இல்லாத தொட்டியில் துளை விழுந்தால் பெட்ரோல் ஆவி இறக்கைக்குள் பரவி நிற்கும், அடுத்து வருகிற தீத்தோட்டா ஒன்று போதும்.

உங்கள் ஐயாவின் அப்பா பார்த்த தீப்பந்தம் எந்த விமானம் என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. ஆனால் துளைபட்டும் தள்ளாடிப் போய் இறங்கியது பி-40-ஆக இருந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. 7.7 தோட்டா அதன் தகட்டைச் சல்லடையாக்கும், உத்தரத்தைத் தொட்டு அறுப்பது கஷ்டம்.

பழைய_ரிவெட் (தேவகோட்டை)

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பி-40-இன் இன்ஜின் கூலன்ட் என்கிற திரவத்தால் குளிர்விக்கப்படுவது. மூக்குக்குக் கீழே வாய் மாதிரி திறந்திருக்கிறதே, அங்கேதான் ரேடியேட்டர். அதில் ஒரே ஒரு ரைஃபிள் தோட்டா பட்டாலும் கூலன்ட் கொட்டி, சில நிமிஷத்தில் இன்ஜின் சூடேறி இறுகிவிடும். தள்ளாடிக்கொண்டு போனது அதனாலும் இருக்கலாம், இன்ஜின் சாகும் முன் தளத்தைத் தொடுவதற்கு. உங்கள் சிம்மில் ஒரு பி-40-ஐ எடுத்து ரேடியேட்டரில் அடி வாங்கி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று ஓட்டிப் பாருங்கள். த்ராட்டிலைக் குறைத்தால் நேரம் நீள வேண்டும், முழுசாகத் திறந்தால் சுருங்க வேண்டும். இரண்டு விதத்திலும் ஒரே நேரத்தில் இன்ஜின் நின்றால் அங்கே வெறும் கடிகாரம்தான் ஓடுகிறது.

செம்மண்_பறவை (கானாடுகாத்தான்)

இதை இன்றைக்கு ராத்திரியே பார்க்கிறேன் ஐயா. பண்ணைப் பக்கம் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று புல் மூடிக் கிடக்கிறதே, சாயங்காலம் எங்கள் ஐயாவை வண்டியில் அங்கே கூட்டிப்போய், நீங்கள் இரண்டு பேரும் எழுதியதை வாசித்துக் காட்டினேன். ரேடியேட்டர் என்றதும் நிறுத்தச் சொன்னார். "வெள்ளையாப் புகை விட்டுக்கிட்டே போச்சுன்னு எங்க அப்பச்சி சொல்லுவாக" என்றார். இத்தனை நாள் அந்த வெள்ளைப் புகையை அவர் எனக்குச் சொன்னதே இல்லை.

பழைய_ரிவெட் (தேவகோட்டை)

கூலன்ட் கொட்டினால் வெள்ளையாகத்தான் தெரியும் தம்பி. பெட்ரோல் ஆவியும் வெள்ளைதான், அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. எண்ணெய் என்றால் கறுப்பு. புகை மூக்குப் பக்கத்திலிருந்து வந்ததா, இறக்கையிலிருந்து வந்ததா என்று அவருக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா, கேட்டுப் பாருங்கள்.